எந்த வருட மாடல் என்று கேட்பதற்கு முன்னால் இந்தக் கனெக்டரைப் பாருங்கள்

வணக்கம். என் உள்ளங்கையில் இருப்பது என்னவென்று தெரிகிறதா? இருங்கள், கேமராவுக்கு இன்னும் அருகில் பிடிக்கிறேன். ஒரு காலத்தில் இது வெள்ளை நிறக் கனெக்டர். மூன்று மஞ்சள் வயர்கள் உள்ளே போகின்றன. இரண்டு துளைகள் ஒழுங்காக இருக்கின்றன. மூன்றாவதைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி, உருகி, வயரோடு ஒட்டிக்கிடக்கிறது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது, பாருங்கள். இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பைக்கை, மழை இரவில், மலைப்பாதையில் விடியும்வரை நிற்கவைத்தது இந்தக் கட்டைவிரல் அளவுத் துண்டுதான்.

பழைய அட்வென்ச்சர் பைக் வாங்கப் போகிறேன், எந்த வருட மாடல் நல்லது என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நானும் நழுவிக்கொண்டே இருந்தேன். இன்று இருக்கையையும் பக்கத் தகடுகளையும் கழற்றிவிட்டேன், இனி தப்பிக்க முடியாது.

முதலில் அந்த இரவு. வண்டி திடீரென்று நிற்கவில்லை, முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் வந்தது. நான்தான் கேட்கவில்லை. கைப்பிடியைச் சூடாக்கும் வசதி தானாக அணைந்தது. மழை ஈரம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. சகதி ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன். தேநீர் குடிக்க நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால், டேஷ்போர்டு கடிகாரம் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. ஸ்டார்ட்டரை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுநாள் புதிய பேட்டரி போட்டேன். இரண்டே நாளில் அதே டிக். பேட்டரியில் குற்றமே இல்லை, அதற்குச் சார்ஜ் ஏறவே இல்லை. ஏற்கெனவே சேர்ந்திருந்த மின்சாரத்தை வண்டி செலவழித்துத் தீர்த்திருக்கிறது.

இந்த மூன்று மஞ்சள் வயர்கள் இன்ஜினுக்குள் இருக்கும் ஸ்டேட்டரிலிருந்து வருகின்றன. அங்கே உற்பத்தியாவது மாறுமின்சாரம். ரெகுலேட்டர் அதை நேர்மின்சாரமாக்கி, 14 வோல்ட் சுமாருக்குக் கட்டுப்படுத்திப் பேட்டரிக்கு அனுப்புகிறது. நடுவில் ஒரு முனை தளர்ந்தால் அங்கே தடை கூடும், தடை கூடினால் சூடு ஏறும், சூட்டில் முனை இன்னும் தளரும். அந்தச் சங்கிலியின் முடிவுதான் என் கையில் இருக்கிறது.

வேடிக்கை இனிமேல்தான். ரெகுலேட்டரும் போய்விட்டது என்று தெரிந்ததும் புதியது ஒன்று வரவழைத்தேன். பதிவுப் புத்தகத்தில் 2013 என்று இருந்ததால் 2013க்கான பாகத்தையே கேட்டேன். பெட்டியைத் திறந்தால் அதே அளவு, அதே போல்ட் துளைகள். பிளக் மட்டும் வேறு! என் வண்டியில் ஒன்று, வந்ததில் இரண்டு. அப்போதுதான் சாசி எண்ணைப் படிக்கவேண்டும் என்ற புத்தி வந்தது. 17 எழுத்துகளில் பத்தாவது 'சி'. அதாவது 2012 மாடல். விற்காமல் கிடந்து, அடுத்த ஆண்டில் பதிவாகியிருக்கிறது. எந்த நிறுவனத்து வண்டி என்று சொல்லப்போவதில்லை. இது யாருடைய வண்டிக்கும் நடக்கும்.

அந்தப் பத்தாவது எழுத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். 2010க்கு 'ஏ', 2011க்கு 'பி', அப்படியே வரிசையாக. எண்களோடு குழம்பக்கூடிய 'ஐ', 'ஓ', 'க்யூ' மூன்றும் கிடையாது, அதனால் 2018க்கு 'ஜே', 2019க்கு 'கே'. வட அமெரிக்காவில் இது விதி. மற்ற சந்தைகளுக்கான சில வண்டிகளில் அந்த இடத்தில் வெறும் பூஜ்ஜியம் இருக்கும், அப்போது உற்பத்தித் தேதி பொறித்த தகட்டைத் தேடவேண்டும். இன்னொன்று, மாடல் ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை. முந்தைய ஆண்டின் பாதியிலேயே அடுத்த ஆண்டு மாடல் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்துவிடும். சுசுகிக்காரர்களுக்கு வேலை சுலபம். வி-ஸ்ட்ரோம் 650இல் 'கே4' என்றால் 2004, 'எல்2' என்றால் 2012. மாடல் பெயரிலேயே ஆண்டு ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு வருட வித்தியாசம் அவ்வளவு பெரிதா என்று கேட்பீர்கள். ஹோண்டா ஆப்ரிக்கா ட்வினை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் வந்த 998 சிசி வண்டியில் திராட்டில், அதாவது வேகத்தைக் கூட்டக் கைப்பிடியைத் திருகுகிற அமைப்பு, கேபிளில் இயங்கியது. 2018இல் அதே தோற்றம், ஆனால் கேபிள் போய்விட்டது. கைப்பிடியில் சென்சார், இன்ஜினில் மோட்டார், பேட்டரியும் லித்தியம். 2020இல் 1,084 சிசி, ஆறு அச்சு அசைவுகளை உணரும் சென்சார், 6.5 அங்குலத் தொடுதிரை. தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் உடன்பிறப்புகள், வயரிங் படத்தை விரித்தால் மூன்றும் அந்நியர்கள். லித்தியம் பேட்டரி உள்ள வண்டியில், பழைய ஈய பேட்டரியை மீட்டெடுக்கும் வசதியுள்ள சார்ஜரை மாட்டிப் பேட்டரியைக் கெடுத்துவிடாதீர்கள். யமஹா டெனெரே 700க்குக் கேபிள் திராட்டில் 2025 மாடலில்தான் போனது. ஆளில்லாத இடங்களுக்குப் போகிற சிலர் அதற்கு முந்தைய வண்டியைத் தேடிப் பிடிப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பிஎம்டபிள்யூ ஆர் 1200 ஜிஎஸ்ஸைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். 2004இல் வந்தபோதே அதில் வழக்கமான ஃப்யூஸ்கள் கிடையாது, கேன் பஸ் வயரிங், அதாவது வண்டியின் மின்னணுப் பெட்டிகள் பொதுவான ஓரிரு வயர்கள் வழியாகவே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறை. ஆரம்ப ஆண்டுகளில் ஏபிஎஸ் வாங்கியவர்களுக்கு மின்மோட்டார் உதவியோடு இயங்கும் பிரேக் வந்தது. லிவரைத் தொட்டாலே 'ர்ர்' என்று ஒரு முனகல் கேட்கும். மின்சாரம் போனால் பிரேக் இருக்கும், ஆனால் லிவரைப் பலம்கொண்ட மட்டும் பிடிக்கவேண்டும். பிறகு அந்த மோட்டாரைக் கைவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தமில்லை. அந்தத் தலைமுறையை வாங்குகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்கவேண்டும். சாவித் துளையைச் சுற்றி, சாவிக்குள் இருக்கும் சிப்பைப் படிக்கும் ஆன்டெனா வளையம் மாற்றப்பட்டதா, பெட்ரோல் பம்ப் கன்ட்ரோலருக்குள் தண்ணீர் இறங்கியதா, பெட்ரோல் அளவு காட்டி பொய் சொல்கிறதா.

புதியது என்றால் எல்லாமே கூடும் என்ற நினைப்பும் அங்கே உடைகிறது. காற்றில் குளிரும் பழைய ஜிஎஸ்ஸில், கார்களில் இருப்பதுபோல் பெல்ட்டில் சுழன்று மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர், 720 வாட் வரை. 2013இல் திரவக் குளிர்விப்போடு வந்த புதியதில் 510 வாட். சூடான உடுப்பு, கூடுதல் விளக்கு, இருக்கைச் சூடு என்று அடுக்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வாங்கவேண்டும்.

ரெகுலேட்டருக்குத் திரும்புகிறேன், மனம் அங்கேயேதான் நிற்கிறது. பல வண்டிகளில் வருவது ஷன்ட் வகை. தொட்டி நிறைந்த பிறகும் மோட்டாரை நிறுத்தாமல், வழிகிற தண்ணீரை வாய்க்காலில் திருப்பிவிடுவது போன்றது. ஸ்டேட்டர் எப்போதும் முழு மூச்சோடு உழைத்துக்கொண்டிருக்கும், மிச்சம் சூடாகப் போகும். விளக்குகளை எல்இடியாக மாற்றிவிட்டேன், ஸ்டேட்டருக்கு ஓய்வு கிடைக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். கிடைக்காது ஐயா. ஷன்ட் வகையில் நீங்கள் மிச்சப்படுத்தியதும் வாய்க்காலுக்குத்தான் போகும். சீரிஸ் வகை ரெகுலேட்டர், தேவை முடிந்ததும் இணைப்பையே துண்டித்துவிடும், ஸ்டேட்டர் குளிர்ந்து ஓடும். அதனால்தான் ஸ்டேட்டர் எரிந்து நொந்துபோன பலர் சீரிஸுக்கு மாறுகிறார்கள். நானும் மாறிவிட்டேன்.

என் கருத்தைக் கேட்டால், புதிய தலைமுறையின் முதல் வருட வண்டியை நான் தொடமாட்டேன். கோளாறுகளை வாங்கியவர் செலவில் கண்டுபிடிக்கும் ஆண்டு அது. அந்தத் தலைமுறை முடிகிற ஆண்டுதான் எனக்குப் பிடிக்கும். ஆனால் திரும்பப் பெறும் அறிவிப்புகளின்படி வேலையெல்லாம் முடித்து, வயரிங்கில் யாரும் கைவைக்காத முதல் வருட வண்டி ஒரு பக்கம். வயரைக் கவ்வும் நீலக் கிளிப்புகளை வரிசையாக மாட்டி நாலு விளக்கு எரியவிட்ட கடைசி வருட வண்டி மறு பக்கம் என்றால், யோசிக்காமல் முதலாவதை எடுப்பேன். அந்தக் கிளிப் செம்பு இழைகளை வெட்டி, ஈரத்துக்கு வழிவிட்டு, பச்சை பூக்கவைக்கும்.

சரி, மீட்டரை வைக்கிறேன். இன்ஜின் ஓடாமல் 12.7 வோல்ட், பேட்டரி நலம். ஸ்டார்ட் செய்கிறேன், எண்ணைக் கவனியுங்கள்... 10.6 வரை இறங்கி ஏறிவிட்டது. 10க்குக் கீழே போயிருந்தால் யோசித்திருப்பேன். இப்போது இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் 14.1. பலர் இங்கேயே திருப்தியடைந்து இருக்கையை மாட்டிவிடுவார்கள். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டது என்பதும் எல்லோருக்கும் தெரியும். நான் இன்னும் ஒரு சோதனை செய்கிறேன். மீட்டரின் ஒரு முனை ரெகுலேட்டரின் பாசிட்டிவ் வயரில், மறுமுனை பேட்டரியின் பாசிட்டிவில். இன்ஜின் ஓடுகிறது, ஹெட்லைட் எரிகிறது. 0.08 வோல்ட். அருமை. இப்போது நெகட்டிவ் பக்கம்...

0.31. இதை எதிர்பார்க்கவில்லை. வழியில் எங்கோ மூன்றில் ஒரு பங்கு வோல்ட் தொலைகிறது. இன்ஜினை அணைக்கிறேன். எர்த் கம்பி சட்டத்தில் சேரும் போல்ட் இது. கழற்றினால்... வாஷருக்கு அடியில் பெயின்ட், அதன்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. சென்ற முறை நானே மாட்டியது, வேறு யாரையும் திட்ட முடியாது. உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்க்கிறேன். கொஞ்சம் கிரீஸ். இறுக்கியாகிவிட்டது.

மறுபடி ஸ்டார்ட். 5,000 சுற்று. நெகட்டிவ் பக்கம் 0.05. பேட்டரியில் 14.3. கேமராவை அணைத்துவிட்டு மற்ற எர்த் போல்ட்டுகளையும் திறக்கப் போகிறேன். இதை இப்படி மாட்டியவன்தானே அவற்றையும் மாட்டியிருக்கிறான்.