ஐந்தடி ஆற்றில் ஒரு மனிதச் சங்கிலி

அன்பர்களே,

கிங் விடோர் இயக்கிய 'நார்த்வெஸ்ட் பாசேஜ்' 1940இல் வெளிவந்தது. வட அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரருக்கு எதிராக பிரிட்டிஷ் தரப்பில் போரிட்ட மேஜர் ராபர்ட் ராஜர்ஸாக ஸ்பென்சர் டிரேசி. தலைப்பு சொல்லும் வடமேற்குக் கடல்வழியைத் தேடும் பயணம் படத்தில் தொடங்குவதே இல்லை; படத்துக்கு மூலமான நாவலின் முற்பகுதியோடு கதை முடிந்துவிடுகிறது. நான் பேச வந்தது ஆற்றைக் கடக்கும் காட்சியைப் பற்றி.

அதன் வேர் ராஜர்ஸின் நாட்குறிப்பில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரரின் கூட்டாளிகளான அபெனாக்கி பழங்குடியினரின் ஊரைத் தாக்க, 1759 செப்டம்பரில் கிரவுன் பாயின்ட் கோட்டையிலிருந்து சுமார் 200 பேரோடு புறப்பட்டார். விட்டுவந்த படகுகள் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கின. வந்த வழியே திரும்ப முடியாது. ஒன்பது நாள் சதுப்பு நிலம். அதைத் தாண்டினால் செயின்ட் பிரான்சிஸ் ஆறு: ஐந்தடி ஆழம், கடும் வேகம்.

உயரமானவர்களை நீர் வரும் பக்கம் நிறுத்தினார் ராஜர்ஸ். ஐந்தடி நீர் குள்ளமானவருக்குக் கழுத்தளவு. உடலின் எடை கால்களில் இறங்காமல் மிதந்துவிடும், பாதம் பிடிமானத்தை இழக்கும். நெடியவருக்கு மார்போடு நிற்கும், வேகத்தை அவர் முதலில் தாங்குவார். ஒருவரையொருவர் பற்றிக்கொண்டே கடந்தார்கள். சில துப்பாக்கிகள் ஆற்றோடு போயின. மூழ்கித் தேடிச் சிலவற்றை மீட்டார்கள்.

விடோர் இதை ஐடஹோவில் பேயெட் ஏரிப் பக்கம் படமாக்கத் தொடங்கினார். நீரோட்டம் ஆபத்தானது என்பதால் மீதியை ஸ்டுடியோத் தொட்டியில் முடிக்க வேண்டியதாயிற்று. இருந்தும் ஒட்டுத் தெரிவதில்லை. அன்றைய டெக்னிகலர் வண்ணப்படக் கேமராவில் ஒரு பட்டகம் ஒளியைப் பிரித்து மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்களில் பதிக்கும். பிரிந்த ஒளி போதாது, எனவே பிரகாசமான விளக்குகள் தேவை. அந்த முறை பகல் வெளிச்சத்துக்கு ஏற்ப அமைந்தது. ஸ்டுடியோவிலும் பகல் நிறத்தைத் தரும் ஆர்க் விளக்குகளையே எரித்தார்கள். வெளிப்புறமும் தொட்டியும் நிறத்தில் இணைவதற்கு இது பெரிய துணை.

இவ்வளவு கவனம் ஆற்றுக்கு. அக்கரையில் இருந்த அபெனாக்கி மக்களுக்கு அது கிடைக்கவில்லை. படம் அவர்களைக் கொடியவர்களாக மட்டுமே காட்டுகிறது, இது எனக்குப் பொறுக்கவில்லை. அக்டோபர் 4 விடியலில் ஊர் எரிக்கப்பட்டது. 200 பேரைக் கொன்றதாக ராஜர்ஸ் எழுதினார். பிரெஞ்சுக் குறிப்புகளோ சுமார் 30 பேர் என்கின்றன, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். முந்தைய இரவே எச்சரிக்கை வந்ததென்றும், பலர் காட்டில் ஒளிந்து பிழைத்தார்களென்றும் அபெனாக்கி வாய்மொழி மரபு சொல்கிறது. அவர்களின் ஊரான ஓடனாக் இன்றும் கியூபெக்கில் இருக்கிறது.