மனுக் கொடுத்த மறுநாள்

நேயர்களுக்கு வணக்கம்.

தருமபுரி கோர்ட்டில் கறுப்புக் கோட்டு போட ஆரம்பித்து எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஸ்டேஷனில் அடிவாங்கிவிட்டு என்னிடம் வருகிறவர்கள், அடித்தவருக்குத் தண்டனை கிடைக்குமா என்று கேட்பது அபூர்வம். "மனுக் கொடுத்தா, அப்புறம் நான் ஊர்ல இருக்க முடியுமாம்மா?" என்றுதான் கேட்பார்கள். இன்றைக்கு அந்தக் கேள்வியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். டிராக்டர் ஓட்டுகிற ஒரு தம்பி. மோட்டார் ஒயர் திருட்டு என்று விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து விட்டார்கள். உள்ளங்கால் இரண்டும் வீங்கி, செருப்பு போட முடியாமல், அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு என் அறைக்குள் வந்தான். மனு எழுதினோம், அனுப்பினோம். மறுநாள் காலையில் அவன் வீட்டுக்கு எதிரில் இருக்கிற டீக்கடையில் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தை மிரட்டவில்லை. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார்களாம். அதற்கு அடுத்த நாளும் வந்தார்கள். டிராக்டர் முதலாளி, "கொஞ்ச நாளைக்கு வேலைக்கு வராதப்பா" என்று சொல்லிவிட்டார். பத்தாவது நாள் அந்த அம்மா என்னிடம் வந்து சொன்னார்: "சாமி, அவங்க அடிச்சது ரெண்டு நாளு. இப்படி வந்து நிக்கிறது தெனமும். மனுவ வாபஸ் வாங்கிக் குடுத்துரு."

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று நாம் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். மேய்ந்த பிறகு அந்தப் பயிர் யாரிடம் போய் மனுக் கொடுத்தது, மனுவை வாங்கியவர் விசாரிக்கச் சொல்லி யாரிடம் அனுப்பினார் என்பது அந்தப் பழமொழியில் இல்லை. மனு திரும்பவும் வேலியிடம்தான் போகிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாலும், எஸ்.பி. ஆபீசில் கொடுத்தாலும், சென்னைக்குப் பதிவுத் தபால் போட்டாலும், சுற்றிச் சுற்றி ஒரு டி.எஸ்.பி. மேஜைக்கோ இன்ஸ்பெக்டர் மேஜைக்கோ "விசாரித்து அறிக்கை அனுப்பவும்" என்ற குறிப்போடு வந்து சேரும். அன்றைக்குச் சாயங்காலமே மனுக் கொடுத்தவருக்கு போன் வரும்: "ஸ்டேஷனுக்கு வாங்க, ஒரு ஸ்டேட்மென்ட் வாங்கணும்." எந்த ஸ்டேஷன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தில் பாதுகாப்பே இல்லையா என்றால், இருக்கிறது. 2018 டிசம்பர் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பாராளுமன்றம் சட்டம் போடும் வரைக்கும் இதுதான் நாடு முழுக்கச் சட்டம் என்றும் சொன்னது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 398ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநில அரசும் இப்படி ஒரு திட்டத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது. 2018 திட்டப்படி மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் ஒரு வகை, உடைமைக்கும் மானத்துக்கும் என்றால் ஒரு வகை, தொந்தரவு என்றால் இன்னொரு வகை. வீட்டுக்குக் காவல் போடலாம், போன் நம்பரை மாற்றித் தரலாம், வேறு இடத்தில் தங்க வைக்கலாம். விண்ணப்பத்தை ரகசியமாக வைக்க வேண்டும். படிக்கும்போது மனசுக்கு நிம்மதியாகத்தான் இருக்கும்.

ஆனால் நீதிபதி முடிவெடுக்க ஓர் அறிக்கை வேண்டும். இவருக்கு என்ன ஆபத்து, யாரால் ஆபத்து என்கிற அறிக்கை. அதை எழுதுகிறவர் அந்த உட்கோட்டத்து டி.எஸ்.பி. குழுவில் மாவட்டக் காவல் தலைவரும் ஓர் உறுப்பினர். ரவுடி மிரட்டுகிறான், சாராய வியாபாரி மிரட்டுகிறான் என்றால் இந்த ஏற்பாடு சரிதான். மிரட்டுகிறவர் அதே டி.எஸ்.பி.க்குக் கீழே வேலை பார்க்கிற எஸ்.ஐ. என்றால்? தன் ஆளால் ஆபத்து என்று எந்த அதிகாரி கையெழுத்துப் போட்டுத் தருவார்? இந்தத் திட்டத்தை எழுதியவர்கள் நல்ல மனசோடுதான் எழுதினார்கள். போலீஸ்காரரே எதிரியாக இருக்கும் வழக்கை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இதை வக்கீல்கள்கூடச் சில நேரம் கவனிப்பதில்லை. இந்தப் பாதுகாப்பு எல்லா வழக்குக்கும் கிடையாது. பெண்கள் மானம் சம்பந்தப்பட்ட சில குற்றங்களை விட்டால், ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை விதிக்க இடமுள்ள குற்றமாக இருக்க வேண்டும். வாக்குமூலம் வாங்குவதற்காக அடித்தால் புதிய தண்டனைச் சட்டத்தின் 120ஆம் பிரிவு. அதற்கு ஏழு வருஷம் வரை, கொடுங்காயம் என்றால் பத்து வருஷம் வரை தண்டனை. அப்போது பாதுகாப்புக் கேட்கலாம். எஃப்.ஐ.ஆரில் 115(2), அதாவது சாதாரணக் காயம் என்று எழுதிவிட்டால் ஒரு வருஷம்தான், பாதுகாப்புக் கேட்க வழியில்லை. எந்தப் பிரிவு என்று எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறது? மறுபடியும் ஸ்டேஷன் கையில்தான். அதனால் எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்ததும் முதலில் பிரிவைப் பாருங்கள். சி.எஸ்.ஆர்., அதாவது மனுவை வாங்கிக்கொண்டோம் என்கிற ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால், எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டதாக நினைத்து ஏமாந்துவிட வேண்டாம்.

போலீஸ் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மாநிலம் 2013இல் சட்டம் போட்டது. அதில் மாவட்ட அளவில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

இது ஜூன் மாதம். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஜூன் 20 என்றால் எதுவென்று தெரியும். 1992இல் அந்தத் தேதியில் அரூர் பக்கம் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் புகுந்தன. சந்தனக் கட்டை தேடுவதாகச் சொன்னார்கள். ஆலமரத்தடியில் ஊரையே கூட்டி அடித்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தானியத்தை நாசம் செய்தார்கள், குடிக்கிற கிணற்றைக் கெடுத்தார்கள். அப்புறம், பாதிக்கப்பட்டவர்கள் மேலேயே சந்தனக் கடத்தல் வழக்குப் போட்டு, குழந்தைகளோடு சேர்த்து ஜெயிலுக்கு அனுப்பினார்கள். புகார் சொல்ல வேண்டியவர்களை முந்திக்கொண்டு குற்றவாளியாக்கிவிட்டார்கள். இன்றைக்கும் இதே வேலை சின்ன அளவில் நடக்கிறது. மனுக் கொடுத்தவன் மேல் கஞ்சா வழக்கு வந்து விழும்.

அந்தப் பெண்களின் புகாரை உள்ளூரில் யாரும் வாங்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்கள் ஊருக்குள் போய்ப் பார்த்து வெளியே சொன்னார்கள். நல்லசிவன் எம்.பி. நீதிமன்றம் போனார். 1995இல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர்: வனத்துறை 155, போலீஸ் 108, வருவாய்த்துறை 6. 2011 செப்டம்பர் 29ஆம் தேதி, இதே தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று நீதிபதி சொன்னார். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார். 2023இல் அதே செப்டம்பர் 29ஆம் தேதி தண்டனையை உறுதி செய்தார். அந்தப் பெண்களுக்கு ஆளுக்குப் பத்து லட்சம் இழப்பீடு. அன்றைக்குக் கலெக்டராகவும் எஸ்.பி.யாகவும் மாவட்ட வன அலுவலராகவும் இருந்தவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கவும் சொன்னார். முப்பத்தொரு வருஷம்.

இந்த வழக்கைப் பற்றி எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். நான் யோசிப்பது வேறு ஒன்று. முப்பத்தொரு வருஷம் இந்தப் பெண்கள் எப்படி வார்த்தை மாறாமல் நின்றார்கள்? சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று அவர்கள் கோர்ட்டில் சாட்சி சொன்ன காலத்தில் கிடையாது. வாசலில் துப்பாக்கியோடு காவலுக்கு யாரும் நின்றதாகத் தெரியவில்லை. அவர்கள் ஒருத்தி இல்லை, ஊர். ஒருத்தி தளர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள். சங்கத்து ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருந்தார்கள். விசாரணை உள்ளூர் ஸ்டேஷன் கையில் இல்லை. இந்த மூன்றில் ஒன்றுகூட என் டிராக்டர் தம்பிக்குக் கிடையாது.

தனி ஆள் என்ன ஆவார் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2023இல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்குப் போனவர்களின் பல்லைப் பிடுங்கினார்கள் என்ற புகார் வந்ததல்லவா? அதில் ஒருவர் முதல் விசாரணையில், கீழே விழுந்து பல் உடைந்தது என்று சொன்னதாகப் பத்திரிகையில் படித்தோம். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. போலீஸே போலீஸுக்கு எதிராகச் சாட்சி சொன்னாலும் இதே கதிதான். 2020இல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் அடித்து இறந்துபோனார்களே, அன்றைக்கு ஸ்டேஷனில் நடந்ததைப் பார்த்தபடி மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர். அவருக்கும் உயர் நீதிமன்றம் தலையிட்டுப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. காக்கிச் சட்டை போட்டவர்கள் எல்லாரும் ஒன்று என்று நான் நினைக்காததற்கு அந்தம்மாவும் ஒரு காரணம்.

சரி, கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு உபயோகமாகச் சிலது. விட்டவுடன் நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டரிடம் யார் அடித்தது, எங்கே வைத்து, எதால் என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். "வழுக்கி விழுந்தேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அதை மாற்ற நான் நாலு வருஷம் மல்லுக்கட்ட வேண்டும். அந்தப் பதிவேட்டின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஸ்டேஷனில் கேமரா இருக்க வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிவு வேண்டும் என்று முதல் மனுவிலேயே தேதியும் நேரமும் போட்டுக் கேட்டுவிடுங்கள். சாத்தான்குளத்தில் அன்றாடம் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தார்கள் என்று மாஜிஸ்திரேட் அறிக்கை சொன்னது நினைவிருக்கட்டும். மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பாதுகாப்பு, பயணச் செலவு, தேவைப்பட்டால் இடம் மாற்றுவது எல்லாம் அதில் உரிமையாகவே இருக்கிறது, சலுகையாக இல்லை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து இருளர் குடும்பங்களும், குறவர் குடும்பங்களும் இதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வக்கீலுக்குக் காசில்லை என்றால் 15100க்கு போன் போடுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் கொடுக்கும்.

இதையெல்லாம் செய்தாலும் அந்த டீக்கடை இரண்டு பேர் எழுந்து போவார்களா என்று கேட்டால், என்னிடம் நேரான பதில் இல்லை. ஆபத்து அறிக்கையை வேறு மாவட்டத்து அதிகாரி எழுத வேண்டும். வாக்குமூலத்தை அந்த ஸ்டேஷன் எல்லைக்கு வெளியே, மாஜிஸ்திரேட் முன்னால் வாங்க வேண்டும். அறிக்கை வருவதற்கு முன்பே இடைக்காலப் பாதுகாப்புக் கொடுக்கத் திட்டத்தில் இடம் இருக்கிறது, நீதிபதிகள் அதைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, புகார் கொடுத்தவரையும் சாட்சியையும் அச்சுறுத்தலிலிருந்து காக்க வேண்டும் என்கிறது. இந்தியா 1997இல் அதில் கையெழுத்துப் போட்டது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. ஜூன் 26 சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கான சர்வதேச நாள் என்று நாமும் வருஷா வருஷம் கூட்டம் போடுகிறோம்.

அந்த அம்மா மனுவை வாபஸ் வாங்கச் சொன்னார் என்றேன் அல்லவா? நான் உடனே எழுதித் தரவில்லை. ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். அந்த வாரத்தில் அவர் மகளிர் குழுவைச் சேர்ந்த நாலு பேர், தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து புளி உடைக்க ஆரம்பித்தார்கள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை, அவர்களாகவே செய்தது. டீக்கடைக்காரர்கள் இன்னும் வருகிறார்கள், ஆனால் தினமும் இல்லை. மனு இன்னும் நிற்கிறது. அடுத்த வாய்தாவுக்கு அந்தத் தம்பியோடு காலை ஏழு மணி பஸ்ஸில் அந்த நாலு பேரும் ஏறுகிறார்கள். எனக்கு முன்னாலேயே கோர்ட்டுக்கு வந்துவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

வணக்கம்.