மேனுவல் வேடம் கைவிலங்கல்ல, வரம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"ஒரே வேடத்தில் பேர் வாங்குவது குணச்சித்திர நடிகருக்கு வரமா, கைவிலங்கா?" இதுதான் தலைப்பு. விலங்கே என்று பேசிவிட்டு அமர்ந்த நண்பர், பிரிட்டிஷ் நடிகர் ஆண்ட்ரூ சாக்ஸைச் சாட்சிக்கு அழைத்தார். "அரை நூற்றாண்டுக்கு மேல் நடித்த மனிதர். 2016-இல் அவர் இறந்தபோது, மேனுவலாக நடித்தவர் மறைந்தார் என்றுதானே எழுதினார்கள்? பன்னிரண்டே பகுதிகள் கொண்ட ஒரு நகைச்சுவைத் தொடர் அவருடைய வாழ்க்கையையே விழுங்கிவிட்டதே!" என்று உருக்கமாகக் கேட்டார். நண்பர் வேறு யாரையாவது அழைத்திருக்கலாம். சாக்ஸ் எங்கள் பக்கத்துச் சாட்சி.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 'ஃபால்ட்டி டவர்ஸ்' பிபிசியில் 1975-இல் ஆறு பகுதிகள், 1979-இல் ஆறு பகுதிகள் என்று வந்தது. எழுதியவர்கள் ஜான் கிளீஸும் கானி பூத்தும். டார்க்கி என்ற கடற்கரை ஊரில் ஒரு சிறிய ஓட்டல். எப்போதும் எரிந்து விழும் முதலாளி பேசில் ஃபால்ட்டியாக கிளீஸ் நடித்தார். பார்சிலோனாவிலிருந்து வந்து அங்கே வெயிட்டராக வேலை பார்க்கும், ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த மேனுவலாக நடித்தவர் சாக்ஸ். 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் நாட்டின் தலைசிறந்த நூறு தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டபோது முதல் இடம் இதற்குத்தான் கிடைத்தது.

இந்த வேடம் வந்தபோது சாக்ஸுக்கு வயது 45. அதற்கு முன்னால் ரேடியோ, மேடை, சின்னச் சின்னத் தொலைக்காட்சி வேடங்கள் என்று எத்தனையோ செய்திருந்தார். முகம் பழகியிருக்கும், பெயர் யாருக்கும் தெரியாது. குணச்சித்திர நடிகர்களின் பிழைப்பு எந்த நாட்டிலும் அப்படித்தான். 1973-இல் லண்டனில் ஆலன் பென்னட்டின் நாடகம் ஒன்றில் அவர் நடித்ததைப் பார்த்துத்தான் கிளீஸுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. மேனுவலை யாரும் அவருக்குத் தானமாகத் தரவில்லை. பல வருட உழைப்புக்குக் கிடைத்த கூலி அது. உழைத்து வாங்கிய கூலியை விலங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, அந்த வேடத்தில் அவர் என்ன செய்தார் என்று பார்ப்போம். 1975-இல் வந்த முதல் வரிசையின் கடைசிப் பகுதியில் ஒரு காட்சி. வரவேற்பு மேசை மேல் ஒரு கடமான் தலை. மேனுவல் மேசைக்குப் பின்னால் குனிந்து வேலை செய்துகொண்டே, புத்தகத்தில் படித்த ஆங்கிலத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறான். அங்கேயே தங்கியிருக்கும் வயதான மேஜர் உள்ளே வருகிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது மான் தலை மட்டும்தான். மான் பேசுகிறது என்று நினைத்து, அதனிடம் மரியாதையாகப் பேச்சுக் கொடுக்கிறார். கீழேயிருந்து பதிலும் வருகிறது! இந்த இடத்தில் சாக்ஸிடம் முகம் இல்லை, கை கால் இல்லை, வெறும் குரல்தான். அந்தக் குரலில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, புது மொழி நாக்கில் வந்துவிட்டதே என்ற சந்தோஷம். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிரிப்போடு ஒரு பாசமும் வரும்.

அந்தக் குரல் எங்கேயிருந்து வந்தது? சாக்ஸ் 1930-இல் பெர்லினில் பிறந்தவர். அப்பா யூதர், இன்சூரன்ஸ் தொழில் பார்த்தவர். 1938-இல் குடும்பம் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பிள்ளையின் கண்ணெதிரிலேயே அப்பாவைக் கைது செய்துகொண்டு போனார்கள். பிறகு அவர் விடுதலையாகி, குடும்பம் நாஜி ஜெர்மனியை விட்டுத் தப்பி லண்டன் வந்து சேர்ந்தது. எட்டு வயதில், பாஷை புரியாத ஊரில், பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த பிள்ளை அவர்.

எதிரணி நண்பர் இன்னொன்றும் சொன்னார். மேனுவல் வேடம் வெளிநாட்டுத் தொழிலாளியைக் கேலி செய்கிறது, அந்தப் பாவமும் சாக்ஸ் தலையில் விழுந்தது என்றார். நடுவர் அவர்களே, இதைக் கேட்டதும் எனக்குக் கோபமே வந்தது. அந்த ஓட்டலில் பொய் சொல்கிறவர் யார்? பணக்காரனைக் கண்டால் குழைந்து, இல்லாதவனைக் கண்டால் எரிந்து விழுகிறவர் யார்? முதலாளி. பாஷை தெரியாவிட்டாலும் ஒவ்வொரு வேலையையும் ஓடி ஓடிச் செய்கிறவன் மேனுவல். அவன் தப்பாகப் புரிந்துகொள்வதில் பாதி, சொல்கிறவர் ஒழுங்காகச் சொல்லாததால் வருவது. ஊர்விட்டு ஊர் வந்து, தலையில் அடி வாங்கிக்கொண்டே மரியாதையாக நடந்துகொள்ளும் மனிதனை இவ்வளவு அன்போடு நடித்துக்காட்ட, அகதியாக வந்து மொழி கற்ற ஒருவரைவிடப் பொருத்தமானவர் யார்? இத்தனைக்கும் சாக்ஸ் முதலில் தயங்கினார். ஸ்பானிஷ் உச்சரிப்பு சரியாக வருமோ என்று யோசித்து, வெயிட்டரை ஜெர்மன்காரனாக மாற்றலாமா என்று கேட்டார். கிளீஸ் சம்மதிக்கவில்லை. அப்புறம் அந்த உச்சரிப்பையும் உழைத்துக் கொண்டுவந்தார்.

உடம்பாலும் அந்த வேடத்துக்கு விலை கொடுத்தார். மான் தலை வரும் அதே பகுதியில், சமையலறைத் தீயிலிருந்து மேனுவல் புகையும் சட்டையோடு ஓடிவர வேண்டும். புகை வருவதற்காகச் சட்டையில் தடவிய ரசாயனம் உள்ளே இறங்கி நிஜமாகவே அவர் உடம்பைச் சுட்டுவிட்டது. பிபிசி 700 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அப்படியும் நான்கு வருடம் கழித்து அடுத்த ஆறு பகுதிகளுக்கு அதே வெயிட்டர் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாரே, விலங்கு என்று நினைக்கிறவர் தானாக வந்து கையை நீட்டுவாரா?

இப்போது நண்பரின் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். ஒரே வேடத்தில் முத்திரை குத்திவிட்டால் குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்ட வேண்டியதுதான் என்றார். சாக்ஸ் ஓட்டிய குதிரையைப் பாருங்கள். இரண்டு வரிசைகளுக்கும் நடுவே, 1978-இல், பிபிசி ரேடியோ 3-க்காக ஒரு நாடகம் எழுதி நடித்தார். தப்பியோடும் ஒரு மனிதனின் பழிவாங்கும் கதை. அரைமணி நேர நாடகத்தில் ஒரு வசனம்கூடக் கிடையாது. மூச்சிரைப்பு, காலடி, கதவு, தண்ணீர் என்று ஓசைகளாலேயே கதை நகரும். வசனமே இல்லாமல் ரேடியோ நாடகம்! உச்சரிப்பை வைத்துச் சிரிக்கவைக்கிறவர் என்று நாடே நினைத்துக்கொண்டிருந்த மனிதர் செய்த காரியம் இது.

மேனுவல் முடிந்த மறு வருடம், 1980-இல், ஹெச். ஜி. வெல்ஸ் நாவலைத் தழுவிய பிபிசி தொடரில் மிஸ்டர் பாலியாக, கதையின் நாயகனாகவே நடித்தார். பிறகு ரேடியோவில் துப்பறியும் பாதிரியார் ஃபாதர் பிரவுன். 2002 முதல் ரேடியோவின் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் டாக்டர் வாட்சன். 2009-இல் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரில் ஒரு வேடம். இதற்கு நடுவே எத்தனையோ ஆவணப்படங்களுக்கும் ஒலிப்புத்தகங்களுக்கும் குரல் கொடுத்தார். பெர்லினிலிருந்து வந்த பையனின் குரல், பிரிட்டிஷ் வீடுகளில் நம்பிக் கேட்கிற ஆங்கிலக் குரலாக ஆகிவிட்டது. 2012-இல் அவருக்கு மறதி நோய் இருப்பது தெரிந்தது. 2014-இல் வந்த அவருடைய சுயசரிதையின் தலைப்பு, மேனுவல் அடிக்கடி சொல்லும் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்ற வசனம். விலங்கின் பெயரை யாராவது தன் வாழ்க்கைக் கதைக்குத் தலைப்பாக வைப்பார்களா?

அஞ்சலிகளில் மேனுவல் என்று எழுதினார்களே என்று நண்பர் வருத்தப்பட்டார். அவருக்கு ஒரே ஒரு கேள்வி. ஆண்ட்ரூ சாக்ஸ் இந்த வேடத்தை மறுத்திருந்து, வேறொருவர் மேனுவலாகியிருந்தால், இன்றைக்கு இந்த மேடையில் நீங்களும் நானும் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும். வணக்கம்.