சம்பளக் கணக்கில் இருப்பவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. வங்கியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது சென்னையில், புற்றுநோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் துணையாக இருக்கிற ஒரு சிறிய அறக்கட்டளைக்குக் கணக்கு எழுதுகிறேன். அங்கே சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் ஆறு பேர். அவர்களைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நன்கொடை கொடுக்க வருகிறவர்கள் பலர் என்னிடம் முதலில் கேட்பது, "சார், இதுல சம்பளத்துக்கு எவ்வளவு போகுது?" என்பதுதான். தங்கள் பணம் நோயாளிக்கே போய்ச் சேர வேண்டும் என்று நல்ல மனதோடு கேட்கிறார்கள். சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். மருந்தும் சத்துமாவும் சக்கர நாற்காலியும் உதவி, சம்பளம் செலவு. இரண்டுக்கும் நடுவே தடித்த கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன்.

என் மேஜைக்கு எதிரேதான் எங்கள் கவுன்சிலிங் பெண் உட்காருவார். அவர் பேசுவதெல்லாம் காதில் விழும். கதிர்வீச்சு சிகிச்சையை நம் ஊரில் யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை. "கரண்ட் வைக்கிறாங்க" என்பார்கள். ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் முந்தானையைக் கசக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவருக்கு முதல் கரண்ட். என்ன கேட்டாலும் பதில் இல்லை. இந்தப் பெண்ணும் அவசரப்படவில்லை. இருபது நிமிடம் ஆகியிருக்கும். அப்புறம் அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "கண்ணு, ஷாக் அடிக்கும்போது என்னைக் கட்டிப் போட்டுருவாங்களா?" பெயரிலேயே கரண்ட் இருக்கிறதே! வாரக்கணக்காக அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டு தூங்காமல் இருந்திருக்கிறார். "எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிதாம்மா. அசையாம படுத்திருக்கணும், சில நிமிஷம்தான். வலிக்காது." அவ்வளவுதான் சொன்னார். அந்த அம்மா மறுநாள் போனார்.

கதிர் கொடுப்பதற்கு முன்னால் உடம்பில் மையால் கோடு போடுவார்கள். தினமும் அதே இடத்தில் கதிர் விழுவதற்கான அடையாளம் அது. "அழிக்காதீங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்புவார்கள். ஆனால் நெரிசலில் பாதி காதில் ஏறாது. ஊருக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்து, தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தவர்களும் உண்டு. அதைத் திரும்பச் சொல்லிப் புரியவைக்க ஒரு ஆள் வேண்டும்.

இந்தச் சிகிச்சை பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்தாறு வாரம் நடக்கும். தென்காசியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வருகிறவர் அத்தனை நாள் எங்கே தங்குவார்? கேன்சர் என்று தெரிந்தால் வாடகைக்கு ரூம் கொடுக்கத் தயங்குகிற வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டாது. எங்கள் ஊழியர் ஒருவர் அந்த வீடுகளுக்கே போய்ப் பேசுவார். ஒரு இடத்தில் வீட்டுக்காரம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நோயாளியின் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு இட்லியை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "இப்ப சொல்லுங்கம்மா" என்றாராம். ரூம் கிடைத்தது.

அப்புறம் ரயில். சிகிச்சைக்காகப் பயணம் செய்கிற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. கூட வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. சிகிச்சை கொடுக்கிற ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக் கவுன்டரில் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் மாதக்கணக்காக முழுக் காசு கொடுத்து வந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அப்படித்தான். திட்டம் இருக்கிறது. ஆனால் ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு எழுத்து மாறிய பெயர் என்றால் அங்கேயே நின்றுவிடும். வருமானச் சான்று வாங்க ஊருக்கு ஒரு நடை, திருத்தம் போட இன்னொரு நடை. கீமோ ஏற்றிக்கொண்டு வாந்தி எடுக்கிற மனிதரால் இந்த வரிசைகளில் நிற்க முடியுமா? எங்கள் ஆட்கள் நிற்கிறார்கள்.

ஆனால் என் தடித்த கோட்டை அழித்தது ஒரு நீள நோட்டு. குறித்த நாளில் சிகிச்சைக்கு வராமல் போனவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். சிகிச்சையைப் பாதியில் விடுவது எவ்வளவு ஆபத்து என்று டாக்டர்கள் சொல்லி நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். யாரும் வேண்டுமென்று விடுவதில்லை. கை ஓய்ந்துபோகிறது. எங்களிடம் ஒரு பெண் தினமும் காலை ஒன்பதரைக்கு அந்த நோட்டை விரித்து வைத்துக்கொண்டு போன் செய்வார். "அண்ணே, செவ்வாய்க்கிழமை பாப்பாவக் கூட்டிட்டு வரலையே?" என்பார். மிரட்டல் இருக்காது, குற்றம் சொல்லும் தொனியும் இருக்காது. அந்தப் பக்கம் ஒன்றொன்றாக வெளியே வரும். அறுப்பு நேரம், கூலி போய்விடும். ஆட்டை விற்ற காசு தீர்ந்துவிட்டது. முடி கொட்டினதைப் பார்த்து மாமியார் போதும் என்றுவிட்டார். ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யலாம் என்று அங்கேயே பேசுவார்.

சில நாள் போனை எடுப்பவர், "அவர் போயிட்டாருங்க" என்பார். அந்தப் பெண் எழுந்து நின்றுவிடுவார். நின்றபடியே ஐந்து பத்து நிமிடம் கேட்பார். பிறகு நோட்டில் தேதி எழுதுவார். ஒரு டீ குடித்துவிட்டு வந்து அடுத்த பெயர். இதை ஒரே காலையில் மூன்று முறை பார்த்திருக்கிறேன். அன்று அவர் மதியச் சாப்பாட்டைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு சம்பளத்தைச் "செலவு" என்று என்னால் மனதறிந்து நினைக்க முடியவில்லை. ரசீது போட முடிகிற உதவி ஒரு பகுதிதான். மீதி உதவி அந்த ஆட்களேதான்.

"சேவை என்றால் சம்பளம் வாங்காமல் செய்ய வேண்டும்" என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு அடையாற்றைச் சொல்வேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்திய மாதர் சங்கத்தின் மூலம் வீடு வீடாக, மனிதர் மனிதராகப் பணம் சேர்த்து, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆரம்பத்தில் 12 படுக்கைகள். அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா முதலில் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார். பிறகு அவருக்கும் மாதம் 200 ரூபாயும், வளாகத்துக்குள்ளேயே தங்க இடமும் கொடுத்தார்கள். 1955-இல் அங்கே குடிவந்தவர் 2021-இல் மறையும்வரை அந்த இடத்தைவிட்டுப் போகவில்லை. இலவசமாகச் சிகிச்சை கொடுத்த இடத்திலும், வேலை செய்கிறவருக்குச் சோறும் கூரையும் வேண்டும் என்று யோசித்தார்கள். வாடகை வீட்டில் இருக்கிற, தம்பியைப் படிக்கவைக்கிற 26 வயதுப் பெண்ணிடம் "சும்மா செய்" என்று கேட்க நாம் யார்?

சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் எங்களிடமும் இருக்கிறார்கள். மார்பக அறுவை சிகிச்சை முடிந்து நலமாக இருக்கும் ஒரு அம்மா, ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளிகளைப் பார்க்கப் போவார். அமெரிக்காவில் 1952-இல் டெரீஸ் லாசர் என்ற பெண்மணி தனக்கு ஆபரேஷன் ஆன பிறகு இதேபோலத்தான் மற்றப் பெண்களைத் தேடிப் போக ஆரம்பித்தார். எங்கள் அம்மா அதிகம் பேச மாட்டார். நன்றாகச் சீவிப் பூ வைத்துக்கொண்டு போய் எதிரே உட்காருவார். எத்தனை வருடம் ஆச்சு என்று அவர்கள் கேட்பார்கள். "ஒன்பது" என்பார். அந்த வேலையை வேறு யாரும் செய்ய முடியாது. ஆனால் அவர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வர முடியும். நோட்டைத் தினமும் விரிக்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் போன் செய்கிற அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டார். வேறொரு இடத்தில் இரண்டு மடங்கு சம்பளம். எனக்கு வருத்தம்தான். ஆனால் அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் கொடுத்த தொகையை மாதாமாதம் எழுதியவன் நான்தானே.

கடைசி சனிக்கிழமை, புதிதாக வந்த பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். ஓரங்களில் பென்சிலால் எழுதியிருந்ததையெல்லாம் வாசித்தார். "இந்த நம்பருக்கு மத்தியானம் பண்ணாத, அவருக்கு அப்பதான் கொஞ்சம் தூக்கம் வரும். இது மகனோட நம்பர், அம்மாவுக்கு என்ன நோய்னு அவன் இன்னும் சொல்லல, அவங்க எடுத்தா கேன்சர்ங்கிற வார்த்தை வேண்டாம். இங்க ரிங் போயிட்டே இருக்கும், வெச்சிடாத. வாசல்ல இருந்து நடந்து வரணும் அவங்க."

புதுப் பெண் தன் பேனாவை எடுத்து, அந்தப் பென்சில் எழுத்தின் மேலேயே அழுத்தி எழுதத் தொடங்கினார்.

வணக்கம்.