'ஆன்டிபெல்லம்' என்றால் எந்தப் போருக்கு முன்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் நடத்திய பழைய செய்தித்தாள்களை இணையத்தில் படித்து வருகிறேன். 'ஆன்டிபெல்லம்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய காலம் என்று அகராதியில் இருக்கிறது. ஆனால் 1919ஆம் வருஷத்து கால்பந்துச் செய்தியில் இது வந்தால் எப்படிப் புரிந்துகொள்வது?"

ரொம்ப நல்ல கேள்வி, ஏனென்றால் இந்த இடத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். இது லத்தீன் சொல், 'போருக்கு முன்' என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. எந்தப் போர் என்று அந்தச் சொல் சொல்லாது, எழுதியவர் மனதில் இருந்த போர் எதுவோ அதுதான். அந்தக் காலக் கல்லூரிப் பையன்கள் லத்தீனைப் பாடமாகவே படித்தவர்கள், அதனால் இது அவர்கள் பேனாவில் சாதாரணமாக வந்து விழும்.

இப்போது உங்கள் 1919க்கு வருவோம். 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. மாணவர்கள் பாதிப் படிப்பில் படைக்குப் போனார்கள். 1918 அக்டோபரில் ஐநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் மாணவர் ராணுவப் பயிற்சிப் படை தொடங்கி, வளாகமே பாசறை மாதிரி ஆகி, டிசம்பருக்குள் அதைக் கலைத்தும் விட்டார்கள். ஹார்வர்டுக்கும் யேலுக்கும் வருஷா வருஷம் நடக்கும் கால்பந்துப் போட்டி 1917லும் 1918லும் நடக்கவே இல்லை. ஆகவே 1919 இலையுதிர் காலத்தில் ஒரு மாணவ நிருபர் 'ஆன்டிபெல்லம்' அணி என்று எழுதினால், மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆடிய அணியைச் சொல்கிறார். லிங்கன் காலத்தை அல்ல. இருபது வயதுப் பையனுக்கு அந்த மூன்று வருஷமே ஒரு யுகமாகத் தெரிந்திருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்கு இதில் மனதைத் தொடும் விஷயம். 'ரீகன்ஸ்ட்ரக்ஷன்' என்ற சொல்லும் இதே கதைதான்: உள்நாட்டுப் போர் முடிந்த 1865க்குப் பிந்தைய தென் மாநிலங்களின் மறுசீரமைப்பு என்று நாம் படித்திருப்போம், 1919 தாள்களில் அது பெரும்பாலும் உலகப் போருக்குப் பிந்தைய சீரமைப்பு.

அதுவே 1890களில் தெற்கே வெளிவந்த தாள் என்றால் பொருள் வேறு. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 'டார் ஹீல்' என்ற மாணவர் செய்தித்தாள் 1893இல் தொடங்கியது. அங்கே வெறுமனே 'போர்' என்றாலே உள்நாட்டுப் போர்தான். அந்தப் பல்கலைக்கழகம் போருக்கு முன் மாணவர்கள் நிறைந்து இருந்த இடம், போர் முடியும்போது ஏறக்குறையக் காலி, 1871இல் மூடிவிட்டு 1875இல்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த அடி வாங்கிய ஊரில் 'ஆன்டிபெல்லம் நாட்கள்' என்றால் ஒரு பொற்காலம் என்ற ஏக்கம் அதோடு ஒட்டிக்கொண்டே வரும்.

இதை நான் அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் 'பொற்கால'த்தில் அதே வளாகத்தின் பழைய கட்டடங்களுக்குச் செங்கல் சுமந்தவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்ட கறுப்பின மக்கள். அவர்களுக்கு அங்கே ஒரு நினைவுச் சின்னம் 2005இல்தான் வந்தது. 'போருக்கு முந்தைய காலம்' என்று சொல்லும்போது அடிமை முறை கண்ணிலிருந்து மறைந்து, மாளிகையும் விருந்தும் மட்டும் மிஞ்சுகிறது. 2020இல் ஒரு பிரபல இசைக்குழு தன் பெயரிலிருந்து இந்தச் சொல்லை எடுத்ததும் இதனால்தான். பழைய மாணவர்கள் எழுதியதை அப்படியே வாசியுங்கள், ஆனால் அந்த வரியில் யார் இல்லை என்றும் பாருங்கள்.

அப்புறம், எந்தப் போர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் இதழின் தேதி. பிறகு பக்கத்துச் சொற்கள். பருத்தித் தோட்டம், தெற்கு, பழைய குடும்பங்கள் என்று வந்தால் 1861இல் தொடங்கிய உள்நாட்டுப் போர். சீருடை, கட்டாய ஆள்சேர்ப்பு, லிபர்ட்டி கடன் பத்திரம் (போர்ச் செலவுக்காக அரசு மக்களிடம் விற்ற பத்திரம்) என்று வந்தால் 1917இல் அமெரிக்கா இறங்கிய உலகப் போர். 'ஸ்டேட்டஸ் குவோ ஆன்டி பெல்லம்' என்று முழுத் தொடராக வந்தால் அது சமாதான ஒப்பந்தத்தில் வரும் சட்டத் தொடர், கால கட்டத்தின் பெயரே இல்லை, தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

தேடும்போது இன்னொன்று. அந்நாளில் இதை இடைக்கோடு போட்டு எழுதுவதும் வழக்கம், அதோடு செய்தித்தாள் பத்தி குறுகலானது என்பதால் சொல் வரிக் கடைசியில் இரண்டாக உடைந்திருக்கும். இடைக்கோட்டோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை, 'பெல்லம்' என்று மட்டும் ஒரு முறை தேடிப் பாருங்கள், விட்டுப்போன இதழ்கள் கிடைக்கும்.