சி டிரைவ் நிறைந்துவிட்டது, டி டிரைவ் காலி: நடுவில் நிற்பது யார்?

வணக்கம், பினாங்கிலிருந்து பேசுகிறேன். பின்னால் மழைச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆயர் ஈத்தாம் மலைப்பக்கம் மதியத்திலிருந்தே கொட்டுகிறது.

இந்த லேப்டாப் எங்கள் மேல்மாடி அக்காவுடையது. சி டிரைவைப் பாருங்கள், சிவப்புக் கோடு. 100 ஜிபியில் 2 ஜிபிகூட மிச்சமில்லை, விண்டோஸ் அப்டேட் ஏற மாட்டேன் என்கிறது. பக்கத்தில் டி டிரைவ், 375 ஜிபி. மகளின் காலேஜ் ஃபைல்கள் கொஞ்சம், மற்றபடி காலி. வாங்கிய கடையில் இப்படிப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அக்கா கேட்டார்: “ஏன் தம்பி, அவ்வளவு இடம் சும்மா கிடக்குதே, அதை எடுத்து இதுல போட முடியாதா?”

முடியும். ஆனால் எப்படி என்று புரியாமல் கை வைத்தால் உள்ளதும் போய்விடும். அதனால்தான் இந்த வீடியோ.

ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறக்கிறேன். கீழே ஒரு நீளமான பட்டை தெரிகிறதா? அது அழகுக்குப் போட்ட படம் இல்லை. டிஸ்கில் தகவல் எழுதும் சின்னச் சின்னக் கட்டங்களுக்கு செக்டர் என்று பெயர். முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை எது எங்கே இருக்கிறதோ, அதே வரிசையில் இடமிருந்து வலமாகக் காட்டுகிறது. டிஸ்கைப் பிரித்த ஒவ்வொரு பகுதியும் ஒரு பார்ட்டிஷன். முதலில் 100 எம்பியில் இஎஃப்ஐ பார்ட்டிஷன், கம்ப்யூட்டர் எழுந்ததும் தேடிப் போகும் இடம். அடுத்து சி. அதற்கடுத்து ரெக்கவரி பார்ட்டிஷன், விண்டோஸ் கெட்டால் சரிசெய்யும் கருவிகள் இருக்கும் இடம், 1 ஜிபிகூட இல்லை. அதற்கும் அப்புறம்தான் டி.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். எங்கள் பாட்டி வீடு லயத்து வீடு. ஒரே கூரை, வரிசையாக வீடுகள், நடுவில் பலகைச் சுவர். பிள்ளை குட்டி பெருகி இடம் போதவில்லை என்றால், ஒட்டியிருக்கும் வீடு காலியாக இருந்தால்தான் சுவரை எடுக்க முடியும். மூன்றாவது வீடு காலியாக இருந்து என்ன பயன்? நடுவீட்டில் ஆள் இருக்கிறாரே. விண்டோஸில் இன்னும் ஒரு கட்டுப்பாடு: வலப்பக்கம் ஒட்டிய இடத்தை மட்டும்தான் சேர்த்துக்கொள்ளும். சி-யை ரைட் கிளிக் செய்தால், அதைப் பெரிதாக்கும் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கிக் கிடக்கிறது பாருங்கள். டி-யை அழித்தாலும் அது மங்கியேதான் இருக்கும், ரெக்கவரி நடுவில் உட்கார்ந்திருப்பதால்.

சரி, இந்தச் சுவர்கள் எங்கே இருக்கின்றன? டிஸ்கில் கோடு எதுவும் கிழித்திருக்காது. ஒரு சின்ன அட்டவணை, அவ்வளவுதான். 1983-இல் டாஸ் 2.0 வந்தபோது வந்த எம்பிஆர் முறையில், டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள் அந்த அட்டவணைக்கு 64 பைட். ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட்: எந்த செக்டரில் ஆரம்பம், எத்தனை செக்டர் நீளம், என்ன வகை. 64-ஐ 16-ஆல் வகுத்தால் 4. நான்கு பார்ட்டிஷனுக்கு மேல் முடியாது என்று அந்தக் காலத்தில் சொன்னதற்குக் காரணம் இதுதான். செக்டர் எண்ணை எழுத 32 பிட்தான் இடம் என்பதால் 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்கையும் அதனால் முழுதாக ஆள முடியவில்லை. இப்போது வரும் லேப்டாப்புகளில் ஜிபிடி என்ற புது அட்டவணை முறை. விண்டோஸில் 128 பார்ட்டிஷன் வரை போடலாம். எனக்கு அதில் பிடித்தது, அட்டவணையின் நகல் ஒன்று டிஸ்கின் கடைசியிலும் இருக்கும் என்பது. ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து மீட்கலாம்.

அட்டவணைதான் எல்லாம் என்பதை நான் பயத்தில் கற்றுக்கொண்டேன். ஒருமுறை விண்டோஸ் புதிதாகப் போடும்போது வெளி ஹார்ட் டிஸ்கைக் கழற்றாமல் விட்டுவிட்டேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் எடுத்த படங்கள், தங்கச்சி கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான். விண்டோஸ் போடும் திரையில் சி, டி என்ற எழுத்து வராது. டிரைவ் 0, டிரைவ் 1 என்றுதான் வரும். இரண்டுமே 1 டிபி, இரண்டுமே 931 ஜிபி சொச்சம் என்று நின்றன. தப்பான வரியில் டெலிட் அழுத்திவிட்டேன். வயிற்றைக் கலக்கிவிட்டது.

அதற்குமேல் ஒன்றும் எழுதாமல் டிஸ்கைக் கழற்றினேன். அதனால்தான் தப்பித்தேன். டெலிட் அழித்தது அட்டவணையில் அந்த ஒரு பதிவை மட்டும்தான், படங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. டெஸ்ட்டிஸ்க் என்று ஒரு இலவசக் கருவி, டிஸ்கைத் துழாவி, பார்ட்டிஷன் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடித்து, பதிவைத் திரும்ப எழுதியது. ஒரு படம்கூட இடம் மாறவில்லை. ஆனால் எஸ்எஸ்டியில், அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் டிஸ்கில், இதை நம்பாதீர்கள். அதில் ஃபார்மட் செய்த கையோடு, இந்த இடம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் சொல்லிவிடும், எஸ்எஸ்டி உள்ளேயே துடைத்துவிடும்.

இப்போது அக்கா லேப்டாப்புக்கு வருவோம். மகளின் ஃபைல்களை வெளி டிஸ்கில் நகல் எடுத்து, நாலைந்தைத் திறந்தும் பார்த்துவிட்டேன். டிஸ்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தது, அதை எடுத்துவிட்டேன். பூட்டிய பார்ட்டிஷனில் இந்த வேலை செய்யவே கூடாது. ரெக்கவரியை விண்டோஸ் கட்டளையில் தற்காலிகமாக அணைத்தேன். பிறகு டி-யை அழித்து, பார்ட்டிஷனை நகர்த்தும் ஜிபார்ட்டெட் கருவி இருக்கும் பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கி, ரெக்கவரியைப் பட்டையின் வலது கோடிக்கு நகர்த்தினேன். இதில் தகவல் உண்மையிலேயே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எழுதப்படுகிறது, நடுவில் கரண்ட் போனால் பாதியில் நின்றுவிடும். வெளியே இடி இடிக்கிறது, அதனால் பேட்டரியை முழுதாக ஏற்றிக்கொண்ட பிறகுதான் தொடங்கினேன். சின்ன பார்ட்டிஷன், சீக்கிரம் முடிந்தது. நூற்றுக்கணக்கான ஜிபியை நகர்த்துவதாக இருந்தால் மழை விட்டபிறகு செய்யுங்கள்.

டி வேண்டாமா என்று அக்கா தயங்கினார். சி போனாலும் டி பிழைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விண்டோஸ் மட்டும் கெட்டால் அது சரி. டிஸ்கே செத்தால், லேப்டாப்பே திருடுபோனால், சி-யும் டி-யும் சேர்ந்தேதான் போகும், இரண்டும் ஒரே பொருள். ஹார்ட் டிஸ்க் காலத்தில் தட்டின் வெளி ஓரம் வேகமாகப் படிக்கும் என்று விண்டோஸை முன்னால் வைத்தார்கள், அதில் அர்த்தம் இருந்தது. எஸ்எஸ்டியில் முன்னும் கிடையாது பின்னும் கிடையாது. ஒரே ஒரு எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பை இப்படி வெட்டிக் கொடுப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. இப்படிப் பிரிப்பதற்குப் பதிலாக அக்காவுக்கு ஒரு வெளி டிஸ்க் வாங்கித் தந்திருக்கலாம்.

இதோ, விண்டோஸ் எழுந்துவிட்டது. எக்ஸ்டெண்ட் வால்யூம் இப்போது மங்கலாக இல்லை. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். சி: 475 ஜிபி. ரெக்கவரியைத் திரும்ப இயக்கிவிட்டு, பிட்லாக்கரையும் போட்டுவிடுகிறேன். அப்டேட் இறங்க ஆரம்பித்துவிட்டது, மேலே போய் அக்காவைக் கூப்பிட்டு வருகிறேன்.