முளையில் தெரியாத பயிர்

அனைவருக்கும் வணக்கம்.

விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வயலுக்கு அது சரி. வெளிநாட்டிலிருந்து என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்குக்கு வந்து இறங்கும் ஏழடி சென்டர், அதாவது கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர், விஷயத்தில் இந்தப் பழமொழியை நம்பிக் கோடிக்கணக்கில் டாலரைத் தொலைத்தவர்கள் உண்டு. நானும் ஏமாந்தவன்தான். என் பணம் இல்லை என்பதால் தப்பித்தேன்.

இன்று இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் எங்கள் மைதானத்துப் பிள்ளைகள். 2025 ஜூனில் நடந்த டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், யாங் ஹான்சன் என்ற சீனப் பையன் 16-ஆம் இடத்தில் தேர்வாகிப் போர்ட்லாண்ட் அணிக்குப் போனார். இரண்டாம் சுற்றில்தான் போவார் என்று பலரும் கணித்திருந்த பையன். அன்றிலிருந்து காலைப் பயிற்சியில் இரண்டு கட்சி. "அடுத்த யோக்கிச் இவர்தான் சார்" என்பது ஒரு கட்சி; யோக்கிச் என்றால் என்.பி.ஏ.வின் பெரிய நட்சத்திர சென்டர். "வேஸ்ட் சார், நடக்கவே கஷ்டப்படுகிறார்" என்பது இன்னொன்று. இரண்டு கட்சியும் பார்த்தது ஒரே நாற்பது விநாடி வீடியோவை! ஒருவன் பாஸைப் பார்த்திருக்கிறான், இன்னொருவன் ஓட்டத்தைப் பார்த்திருக்கிறான்.

கொஞ்சம் பின்னால் போவோம். 2002 அக்டோபர் 30. ஹூஸ்டன் அணி அந்த ஆண்டு டிராஃப்டில் முதல் இடத்தில் எடுத்த யாவ் மிங், இண்டியானாவுக்கு எதிராக முதல் ஆட்டம் ஆடுகிறார். ஏழடி ஆறங்குலம். எடுத்த புள்ளி பூஜ்யம். ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடித்தது, இரண்டு. அமெரிக்காவே சிரித்தது. தொலைக்காட்சியில் முன்னாள் வீரர் சார்ல்ஸ் பார்க்லி பந்தயமே கட்டினார்: இந்த ஆள் ஒரு ஆட்டத்தில் 19 புள்ளி எடுத்துவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கென்னி ஸ்மித்தின் பின்புறத்தில் முத்தம் கொடுக்கிறேன் என்று. நவம்பர் 17, லேக்கர்ஸ் ஆட்டம். யாவ் ஒன்பது முறை எறிந்தார், ஒன்பதும் உள்ளே, மொத்தம் 20 புள்ளி. ஆங்கிலத்தில் கழுதைக்கும் பின்புறத்துக்கும் ஒரே சொல் என்பதால், பார்க்லி கடைசியில் ஒரு கழுதையின் பின்புறத்தில் முத்தம் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார். அடுத்த சில நாட்களில் டல்லாஸுக்கு எதிராக யாவ் 30 புள்ளி, 16 ரீபவுண்ட்.

மூன்று வாரத்துக்குள் ஒரு மனிதன் கூடைப்பந்து கற்றுக்கொள்ள முடியுமா? முடியாது. அப்படியானால் முதல் நாள் பூஜ்யம் எங்கிருந்து வந்தது? அந்த இலையுதிர் காலத்தில் அவர் பூசானில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சீனாவுக்காக ஆடிக்கொண்டிருந்தார். ஹூஸ்டனுக்கு வந்து சேர்ந்தது சீசன் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது. அணியின் ஆட்டமுறைகளையே அவர் இன்னும் முழுதாகப் பார்த்திருக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடியோவில் இது தெரியாது. சர்வதேச விதிப்படி ஆடி வளர்ந்த சென்டருக்கு என்.பி.ஏ. வேறு ஊர் மட்டுமில்லை, பாதி வேறு விளையாட்டு. சர்வதேச ஆட்டத்தில் தற்காப்பு சென்டர் கூடைக்கு அடியில் கோயில் தூண் மாதிரி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். என்.பி.ஏ.வில் யாரையும் கைக்கெட்டும் தூரத்தில் காவல் காக்காமல், கூடைக்கு முன்னால் வண்ணம் பூசிய அந்தப் பெயிண்டுக்குள் மூன்று விநாடிக்கு மேல் நின்றால் விசில். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காத எறிதல்), பந்தும் அவர்களுக்கே. சர்வதேச ஆட்டத்தில் வளையத்தில் பட்டுத் துள்ளும் பந்தை, அது வளையத்துக்கு நேர் மேலே இருந்தாலும் தட்டிவிடலாம். அமெரிக்காவில் அதே பந்தைத் தொட்டால் எதிரணிக்குப் புள்ளி. மூன்று புள்ளிக் கோடு இங்கே 6.75 மீட்டர், அங்கே 7.24. அரை மீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவனிடம் ஓடிப் போய்த் திரும்ப வேண்டியவன் இந்த ஏழடிக்காரன். நாற்பது நிமிட ஆட்டம் 48 நிமிடமாகிறது. பிரெஞ்சு லீக்கில் 34 ஆட்டம் ஆடியவர் அங்கே 82 ஆட வேண்டும்.

பத்து வருடம் சரியென்று உடம்பில் ஏறிய பழக்கம் ஒரே மாதத்தில் தப்பாகிவிடுகிறது. கை தானாகப் போகிறது, விசில் அடிக்கிறது. பார்ப்பவர் "இவனுக்கு விளையாடத் தெரியவில்லை" என்கிறார்.

இன்னொன்று பேச்சு. சென்டர் எல்லோருக்கும் பின்னால் நிற்பவன். முழு மைதானமும் அவன் கண்ணில்தான் விழும். நம் கார்டு, அதாவது வெளிப்பக்கம் ஆடும் சின்ன வீரன், பந்து வைத்திருப்பவனைக் காவல் காத்தபடி பின்னால் நகர்கிறான். இடதுபக்கம் எதிரணி ஆள் ஸ்கிரீன் போட, அதாவது வழியை மறித்து நிற்க, வருகிறான். கார்டுக்குத் தெரியாது. சென்டர் கத்த வேண்டும்: ஸ்கிரீன் இடதுபக்கம், நீ மேலே போ, நான் பார்த்துக்கொள்கிறேன். அரை விநாடி தாமதித்தால் கார்டு முட்டிக்கொண்டு நிற்பான், எதிராளி நேராகக் கூடைக்குப் போவான், சென்டர் பாய்ந்து கையைப் போடுவான், ஃபவுல். ஸ்கோர் தாளில் அந்த ஃபவுல் சென்டர் பேரில் ஏறும். அது கால் செய்த தப்பு இல்லை, நாக்கு செய்த தப்பு. யாவுக்கு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். ஆனால் அவர் ஆட்டத்துக்கு நடுவே பெயிண்டுக்குள் வந்து நிற்க முடியாதே.

அதனால் எந்தப் புது சென்டரைப் பார்த்தாலும் நான் அவர் தப்புகளை இரண்டாகப் பிரித்து வைப்பேன்: ஆறும் தப்பு, ஆறாத தப்பு. தாமதம், ஃபவுல், மௌனம், மூச்சு வாங்குவது எல்லாம் ஆறும். ஆறாதது கை. அடுத்தது கண்.

கைக்கு ஒரு உதாரணம் ஹஷீம் தபீட். தான்சானியாக்காரர், ஏழடி மூன்றங்குலம், அமெரிக்கக் கல்லூரியில் ஆடி வந்தவர். 2009-இல் மெம்ஃபிஸ் அணி இரண்டாம் இடத்தில் எடுத்தது. அவருக்கு அடுத்து மூன்றாவதாகப் போனவர் ஜேம்ஸ் ஹார்டன், ஏழாவதாகப் போனவர் ஸ்டெஃபன் கரி. இதை மெம்ஃபிஸ் ரசிகர்களிடம் நினைவுபடுத்தாதீர்கள், பாவம். தபீட் முதல் சீசனில் சராசரி மூன்று புள்ளி எடுத்தார். சீசன் முடிவதற்குள் கீழ்நிலை லீக்குக்கும் அனுப்பிவிட்டார்கள். பதின்வயது நடுவில்தான் அவர் கூடைப்பந்தைத் தொட்டார். அவருடைய பழைய ஆட்டங்களைப் போட்டுப் பாருங்கள்: பாஸ் வருகிறது, விரலில் படுகிறது, நழுவுகிறது. அல்லது பிடித்த பந்தை இடுப்புக்கு இறக்குகிறார், சின்னப் பையன் ஒருவன் தட்டிப் பறித்துக்கொண்டு போகிறான். ஏழடி மூன்றங்குலத்தில் இருக்கும் பந்தை ஏன் இடுப்புக்கு இறக்க வேண்டும்? அந்தப் பழக்கம் அவரைக் கடைசிவரை விடவில்லை.

டார்க்கோ மிலிசிச் கதை வேறு. எல்லோரும் அவரை வைத்து நகைச்சுவை செய்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. 2003-இல் லெப்ரான் ஜேம்ஸுக்கு அடுத்து டெட்ராய்ட் அவரை எடுத்தது. கார்மெலோ ஆன்டனி, கிறிஸ் பாஷ், டுவெய்ன் வேட் மூவரையும் தாண்டி. வயது பதினெட்டு. தனிப் பயிற்சியில் அவர் எறிவதைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அங்கேதான் கோளாறு. தனிப் பயிற்சி என்றால் எதிரில் யார்? ஒரு நாற்காலி, அல்லது மெத்தை பிடித்துக்கொண்டு நிற்கும் உதவிப் பயிற்சியாளர். நாற்காலியைத் தாண்டிப் போகாதவன் உலகத்தில் யார்? செர்பியாவில் பெரியவர்களோடு அவர் ஆடிய ஆட்டங்களில் பெரிய எண்கள் இல்லை. போதாக்குறைக்கு டெட்ராய்ட் அப்போது கோப்பைக்கு ஆடும் அணி, கூடைக்கு அடியில் ஏற்கெனவே பென் வாலஸ் என்ற பெரிய தற்காப்பு வீரர். முதல் சீசனில் 34 ஆட்டம், சராசரி ஐந்து நிமிடத்துக்கும் குறைவு, 1.4 புள்ளி. அணி 2004-இல் கோப்பையை வென்றது. இந்தப் பையன் அந்த இறுதிச் சுற்றில் கையை உடைத்துக்கொண்டான். அவரிடம் திறமை இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. டெட்ராய்ட் தெரிந்துகொள்ள முயலவே இல்லை என்பது மட்டும் தெரியும். இப்போது செர்பியாவில் ஆப்பிள் தோட்டம் வைத்து நன்றாக இருக்கிறார்.

இப்போது என் அவமானம். சிரிக்காமல் கேளுங்கள், முன்வரிசைத் தம்பி ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார்.

2016 தொடக்கம். காலை ஏழரை மணி, கையில் காபி, டிவியில் டென்வர் ஆட்டம். அந்த அணியில் இரண்டு வெளிநாட்டு இளம் சென்டர்கள். ஒருவர் போஸ்னியாவின் யூசுஃப் நூர்கிச், 2014 டிராஃப்டில் 16-ஆம் இடம், காளை மாதிரி உடம்பு. இன்னொருவர் அதே டிராஃப்டில் 41-ஆம் இடம். அவர் பெயர் வந்த நேரத்தில் தொலைக்காட்சியில் ஒரு சிற்றுண்டிக் கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் நாளைக்கு மூன்று லிட்டர் கோலா குடித்தவர். கன்னம் உப்பியிருக்கிறது. குதித்தால் காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு தமிழ் நாளிதழைத்தான் செருகலாம். நான் என் மாணவர்களிடம் சொன்னேன்: "நூர்கிச்சைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், அந்தக் குண்டுப் பையனை விட்டுவிடுங்கள்."

அந்தக் குண்டுப் பையன் நிகோலா யோக்கிச். 2021, 2022, 2024 மூன்று ஆண்டும் லீக்கின் மிகச்சிறந்த வீரர், 2023-இல் டென்வருக்கு முதல் கோப்பை. என் மாணவர்கள் இன்றும் விடுவதில்லை.

நான் எதைக் கவனிக்காமல் விட்டேன்? முதல் சீசனில் அவருக்குக் கிடைத்தது ஆட்டத்துக்குச் சுமார் 22 நிமிடம். அதில் 10 புள்ளி, 7 ரீபவுண்ட், இரண்டரை அசிஸ்ட் (கூடையில் முடியும் பாஸ்). நான் 10 என்ற எண்ணைப் பார்த்தேன், 22 என்ற எண்ணைப் பார்க்கவில்லை. முழுநேர வீரர் ஆடும் 36 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் 16 புள்ளிக்கு மேல், 11 ரீபவுண்டுக்கு மேல். சரி, கணக்கை விடுங்கள். கண்ணைப் பார்த்திருக்க வேண்டும். பழைய ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது: ரீபவுண்ட் பந்து கையில் விழும் முன்பே அவர் தலை திரும்பி, எதிர்முனையில் யார் ஓடுகிறான் என்று பார்த்து முடித்திருக்கிறது. காற்றில் பந்து, கண் மைதானத்தின் மறுகோடியில். இருபது வயதில் இதை எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது. அதற்கு முந்தைய ஆண்டே அட்ரியாட்டிக் லீக்கில் வளர்ந்த ஆண்களோடு மோதி, அந்த லீக்கின் சிறந்த வீரர் விருதை வாங்கிவிட்டுத்தான் டென்வர் வந்தார். சாட்சி இருந்தது. நான் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டென்வரும் உடனே புரிந்துகொள்ளவில்லை என்பது என் ஆறுதல். இருவரையும் சேர்த்து ஆடவைத்துப் பார்த்தார்கள். 2016 டிசம்பரில்தான் யோக்கிச்சிடம் சென்டர் இடத்தைக் கொடுத்தார்கள், பிறகு நூர்கிச்சைப் போர்ட்லாண்டுக்கு அனுப்பினார்கள்.

எல்லோரும் இப்படிப் புதிரில்லை. பிரெஞ்சு சென்டர் வெம்பன்யாமா தன் நாட்டு லீக்கில் சராசரி 21 புள்ளி, 10 ரீபவுண்ட், 3 பிளாக் (எதிராளி எறிந்த பந்தைத் தடுப்பது). சான் அன்டோனியோவில் முதல் சீசனில் ஏறக்குறைய அதே எண்கள், பிளாக் மட்டும் 3.6, லீக்கிலேயே அதிகம். அங்கே கணிப்பதற்கு ஒன்றுமில்லை, பார்த்து ரசிப்பதுதான். இன்னொரு பிரெஞ்சு சென்டர் ரூடி கோபேர் முதல் சீசனில் 2.3 புள்ளி. பிறகு நான்கு முறை சிறந்த தற்காப்பு வீரர். லிதுவேனியாவின் சபோனிஸ் முப்பது வயதைக் கடந்து புதுமுகமாக வந்தார், குதிகால் தசைநார் அறுந்து தைத்த காலோடு. அவர் எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், இதைக் காட்டினாலே மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் கிடைக்கும் என்றாராம். அந்தக் காலோடு 24 நிமிடத்தில் 14.5 புள்ளி.

நம் சத்னம் சிங்கைப் பற்றி இங்கே யாராவது கேட்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். பஞ்சாப் கிராமத்துப் பிள்ளை, ஏழடி இரண்டங்குலம், 2015-இல் டல்லாஸ் 52-ஆம் இடத்தில் எடுத்தது. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். என்.பி.ஏ. சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. உழைப்பில் குறையில்லை. புளோரிடாவில் பள்ளி அகாடமியில் இருந்து நேராகப் போனார், கல்லூரி ஆட்டமும் இல்லை, தொழில்முறை லீக்கும் இல்லை. பெரியவர்களோடு மோதிய ஆட்டம் கையிருப்பில் இல்லாதவரை எடுத்து, டல்லாஸ் எதைக் கண்டு எடை போட்டது? உயரத்தை.

திரும்ப யாவிடம் வருகிறேன், ஏனென்றால் 2003 ஜனவரி 17 இரவைச் சொல்லாமல் இறங்க மனமில்லை. லேக்கர்ஸின் பெரிய சென்டர் ஷகீல் ஓ நீலும் யாவும் முதல்முறை நேருக்கு நேர். ஹூஸ்டனின் முதல் ஆறு புள்ளியும் யாவ். தொடக்க நிமிடங்களிலேயே ஷகீலின் எறிதலை இரண்டு முறை பிளாக். முடிவில் ஷகீல் 31 புள்ளி, யாவ் 10 புள்ளி, 10 ரீபவுண்ட், 6 பிளாக். எண்ணை மட்டும் பார்த்தால் ஷகீல் அடித்து நொறுக்கிவிட்டார். ஆனால் கூடுதல் நேரத்தில் பத்து விநாடி மிச்சம் இருக்கும்போது கடைசி டங்க் யாருடையது தெரியுமா? யாவ். ஹூஸ்டன் 108, லேக்கர்ஸ் 104.

அந்த யாவ் முதல் மூன்று சீசனில் தவறவிட்டது இரண்டே இரண்டு ஆட்டம். நடுவில் கோடைகாலத்தில் நாட்டுக்காகவும் ஆடினார். பிறகு அந்தப் பாதத்து எலும்பு திரும்பத் திரும்ப விரிசல் விட்டு, 2011-இல் முப்பது வயதில் ஓய்வு. அதை முதல் ஆண்டில் எந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒரே ஒரு கேள்விக்கு இடம். கடைசி வரிசைத் தங்கை கேட்பது காதில் விழுந்தது: "சார், யாங் ஹான்சன் தேறுவாரா, மாட்டாரா?"

குண்டுப் பையன் கதையைக் கேட்ட பிறகும் என்னிடம் கேட்கிறாயே அம்மா! சரி, சொல்கிறேன். கோடைகால லீக்கில் முதல் ஆட்டத்தில் 10 புள்ளி, 5 அசிஸ்ட். அந்தப் பாஸ்களைப் பார்த்தேன். பந்து நெஞ்சுக்குக் கீழே இறங்கவே இல்லை. கை இருக்கிறது, கண் இருக்கிறது. எனக்குச் சந்தேகம் கால். ஸ்கிரீனுக்கு வெளியே வரும்போது முதல் இரண்டு பக்கவாட்டு அடிகள் கனமாக விழுகின்றன. இரண்டாம் சீசனில் அந்த இரண்டு அடி லேசானால் தினமும் 25 நிமிடம் ஆடுவார். ஆகவில்லையென்றால் பெஞ்சிலிருந்து வந்து பத்து நிமிடம் நல்ல பாஸ் போடுவார். இதைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள். தப்பானால் அந்தச் சீட்டை மைதானத்துக்கு எடுத்துக்கொண்டு வா, காபி நான் வாங்கித் தருகிறேன்.